நம்ம நேரம், அவங்க நேரம்

ரயில் நிலையத்தில் முப்பத்திரண்டு வருடம் ஒலிபெருக்கி முன்னால் உட்கார்ந்திருந்தவரை ஊரே மைக்கம்மா என்றுதான் கூப்பிட்டது. எல்லைக்கு அந்தப் பக்கம் இருந்த பெரிய நாட்டின் கடிகாரம் இந்தக் குட்டி நாட்டைவிட அரை மணி முன்னால் ஓடும். எதிலும் முந்திக்கொள்வதுதானே அவர்களுக்குப் பழக்கம். அதனால் மைக்கம்மா ஒவ்வொரு வண்டிக்கும் இரண்டு நேரம் சொல்வார்: முதலில் நம்ம நேரம், பிறகு அவங்க நேரம். கல்யாணத்துக்குக் கூப்பிட்டால்கூட எந்த நேரம் என்று கேட்டுக்கொண்டுதான் ஜனங்கள் கிளம்புவார்கள். கேட்காமல் போன மாமா ஒருவர் காலி நாற்காலிகளுக்கு வாழ்த்துச் சொல்லிவிட்டு வந்தார்.

மைக்கம்மாவின் அக்கா வாழ்க்கைப்பட்டது அந்தப் பக்கம். படுத்த படுக்கையாகிவிட்ட அம்மாவைப் பார்க்க அக்கா வந்திருந்த வாரத்தில்தான் எல்லையை மூடப்போவதாகச் செய்தி வந்தது. கடைசி வண்டி அன்று மாலை. காலையிலேயே மேலதிகாரி ஒரு தாளை நீட்டினார்: இனி அவங்க நேரம் மட்டும் சொன்னால் போதும்.

மைக்கம்மா யாருடைய நேரம் என்று சொல்லாமல், வண்டி ஐந்து மணிக்கு என்று மட்டும் அறிவித்தார். அந்தக் குரல் வீட்டு ஜன்னல்வரை கேட்கும். அக்காவுக்கு ஆள் அனுப்பியிருக்கலாம், அனுப்பவில்லை. அக்கா இங்கேயே இருந்துவிட்டால் நன்றாயிருக்குமே என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. வீட்டுக் கடிகாரம் ஐந்தடித்தபோது அக்கா பெட்டியோடு வந்து நின்றார். வண்டி போய் அரை மணி ஆகியிருந்தது.

இரண்டு வருடம் எல்லை திறக்கவில்லை. விளக்கை அணைப்பது யார் என்று அக்காவும் தங்கையும் தினமும் சண்டை போட்டார்கள்; நடுவில் படுத்திருந்த அம்மா இருவரையும் திட்டினார். அம்மாவின் உயிர் அக்கா மடியில்தான் போனது. அந்த இரண்டு வருடம் மைக்கம்மாவுக்கு இருந்த சந்தோஷம் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. ஆனால் அங்கே அத்தான் தனியாகப் பொங்கித் தின்கிறாரே என்ற உறுத்தலில் அவருக்கு ஒரு வாய்ச் சோறும் நிம்மதியாக இறங்கியதில்லை.

எல்லை திறந்த அன்று, நடைமேடையில் அதைக் கொட்டிவிட்டார்.

"அன்னிக்கு ரெண்டு நேரமும் சொல்லியிருந்தா நீ போயிருப்ப. ஆளாவது அனுப்பியிருக்கலாம். வேணும்னேதான் அனுப்பல, அக்கா."

அக்கா பெட்டியைக் கீழே வைத்தார்.

"பதினஞ்சு வருஷமா அவங்க நேரத்துக்கு உலை வச்சவ நான். அஞ்சு மணின்னா எந்த அஞ்சு மணின்னு எனக்குத் தெரியாதாடி, பைத்தியமே?"

வண்டி கிளம்பும் அறிவிப்பை அன்று மைக்கம்மாவுக்குப் பதிலாக டிக்கெட் கொடுப்பவர்தான் மைக்கில் சொல்ல வேண்டியிருந்தது.