ஒரு லைனில் இரண்டு பேர்

ஞானமணி எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். ஆட்களின் முகம் பார்த்துக் கதைக்கச் சொன்னால் அவளுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். முகம் தெரியாத ஆளோடு தொலைபேசியில் கதைக்கும்போது கேட்டால் மட்டும், இவளா அவள் என்று இருக்கும். அந்த ஒரு கெட்டித்தனத்துக்காகவே, திருகோணமலைத் துறைமுகத்தடியில் ஆட்களுக்குப் போன் எடுத்துக் கொடுக்கும் கொம்யூனிக்கேஷன் கடை நடத்திய சிவகுருநாதன் அவளை ஆறு வருசமாக வேலைக்கு வைத்திருந்தார்.

வீட்டுக்கு வீடு போன் இல்லாத சண்டைக் காலம் அது. வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகள் கடைக்குத்தான் எடுப்பார்கள். "நாளைக்குப் பத்து மணிக்கு அம்மாவைக் கூப்பிட்டு வையுங்கோ அக்கா" என்பார்கள். ஞானமணி வெருகல் பஸ்காரரிடமோ, மூதூருக்குப் போகும் லோஞ்சுப் படகில் ஏறும் மீன் வியாபாரியிடமோ சொல்லிவிடுவாள். அடுத்த நாள் பத்து மணிக்கு அந்த அம்மா கடைக் கதிரையில் இருப்பா. பக்கத்துத் துணிக்கடை முத்தலிப் ஹாஜியார், வெளிநாட்டுக்காரர் கேட்கும் உடுப்புகளை அவர்களின் வீட்டாருக்குக் கொண்டுபோய்க் கொடுக்கத் தொடங்கியபோது, அந்த ஓடர்களும் ஞானமணியின் காதுக்கே வந்தன. எந்த அம்மா எந்த நிறச் சீலை உடுத்துவா, எந்தக் குடும்பம் இடம்பெயர்ந்து எந்த முகாமில் இருக்கிறது என்பதெல்லாம் அவளுக்குப் பாடம்.

இரண்டாயிரத்து ஐந்தில் சிவகுருநாதன் ஹாஜியாருக்கு ஓர் இணையத்தளம் செய்து கொடுத்தார். சீலைகளின் படமெல்லாம் அதில் ஏறின. ஹாஜியாருக்கு அது போதவில்லை.

"கொழும்பில ஒரு கடைக்கு, ஆக்கள் எழுதி எழுதிக் கதைக்கிற பெட்டி ஒண்டு இருக்காம் தம்பி. நமக்கும் அது வேணும்."

சிவகுருநாதன் மூன்று நாள் தலையைச் சொறிந்து அதையும் செய்து முடித்தார். இணையப் பக்கத்தின் மூலையில் சின்னப் பெட்டி. அதில் லண்டனிலிருந்து யாரும் எழுதினால் இங்கே சிவகுருநாதனின் கடைக் கணினி 'டிங்' என்னும். உடனே பதில் எழுதவேண்டும். எழுதுவதற்கு மூதூரிலிருந்து றம்லா வந்தாள். கணினி வகுப்புப் படித்தவள், இருபத்திரண்டு வயது. பத்து விரலாலும் தட்டுவாள், திரையைப் பார்த்துச் சிரிப்பாள்.

வந்த அன்றே மின்விசிறி அவள் பக்கம் திரும்பியது. கணினி சூடாகக்கூடாதாம். தேத்தண்ணீரும் முதலில் அவளுக்குத்தான் போயிற்று. அதையெல்லாம் ஞானமணி பொறுத்திருப்பாள். கடைக்கு வெளியிலிருந்து அழைப்பு வரும் லைன் ஒன்றே ஒன்று. இணையமும் அதில்தான் ஓடியது. றம்லாவின் பெட்டி திறந்திருக்கும்வரை ஞானமணியின் போன் செத்துக் கிடந்தது. அதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

"அக்கா, தங்கமுத்து எண்டவங்கட வீடு வெருகல்ல எங்கால?" என்று றம்லா திரும்பிப் பார்த்துக் கேட்பாள்.

"ஆத்தங்கரையால போய், கோயில் தாண்டி மூண்டாவது. இப்ப அங்க இல்ல. மகளோட ஈச்சிலம்பற்றையில இருக்கிறா."

றம்லா தட்டுவாள். பிறகு, "நன்றி றம்லா, நீங்க இல்லாட்டி என்ன செய்வம் எண்டு எழுதியிருக்கினம்" என்று வாசித்துக் காட்டுவாள். அவள் வெகுளியாகத்தான் வாசித்தாள். ஞானமணிக்கு வயிறு பற்றி எரிந்தது. வீட்டைத் தெரிந்தவள் நான், பெயர் அவளுக்கா?

ஒருநாள் தூசி தட்டும்போது ரிசீவரைத் தூக்கிவிட்டாள். காதுக்குள் கீச்சென்று ஒரு சத்தம்.

"ஐயோ, லைன் போயிற்று!" என்று றம்லா தலையில் கைவைத்தாள்.

ஞானமணி மெதுவாக ரிசீவரை வைத்தாள். அதன்பிறகு போனில் தூசி அடிக்கடி படிந்தது. றம்லா குலுங்கிச் சிரித்தால் ஒருதரம் தூக்குவாள். ஹாஜியார் வந்து றம்லாவைப் புகழ்ந்துவிட்டுப் போனால் இரண்டுதரம்.

இரண்டு கிழமையில் ஹாஜியார் கத்திக்கொண்டு வந்தார். "பாதிக் கதையில பெட்டி செத்துப்போகுதாம்! கடையில ஆளில்லை எண்டு லண்டன்காரர் சொல்றாங்க தம்பி!"

சிவகுருநாதன் தொலைபேசிக் கந்தோரில் லைன் திருத்தும் இராசதுரையைக் கூட்டிவந்தார். இராசதுரை கம்பிகளை இழுத்துப் பார்த்தார், பெட்டி வேலை செய்யும்போது ரிசீவரைத் தூக்கினார். கணினி இணையத்திலிருந்து அறுந்தது.

"லைன் சுத்தம். இதை ஆரோ தூக்கியிருக்கினம்."

ஞானமணி கையிலிருந்த தூசித் துணியை மெல்ல மேசைக்குக் கீழே மறைத்தாள். இந்த வேலை போனால் அவளுக்கு வேறு போக்கிடம் இல்லை.

"நான்தான் அண்ணன்," என்றாள் றம்லா. "உம்மாக்குக் கதைக்கலாமெண்டு எடுத்துப் பாத்தனான்."

றம்லாவின் கணினித் திரைக் கண்ணாடியில் போன் மேசை தெரியும் என்பது ஞானமணிக்கு அப்போதுதான் உறைத்தது. இவள் எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள். பார்த்தும் வாய் திறக்காமல் இருந்திருக்கிறாள். ஹாஜியார் றம்லாவை இரக்கத்தோடு பார்த்தார், சிவகுருநாதனின் முகமும் இளகியது. நல்லவள் என்ற பெயரையும் இவளே கொண்டுபோகப் போகிறாளா? அந்த எரிச்சல் ஞானமணியின் பயத்தைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தது.

"பொய்! நான்தான் தூக்கினனான்!"

போனில் கதைக்கும் அதே உரத்த குரல். நேருக்கு நேர் அதை ஒருவரும் கேட்டதில்லை.

"ஏன் புள்ள?" என்றார் ஹாஜியார்.

"எரிச்சல்தான், வேறென்ன?"

இராசதுரை சிரிப்பை அடக்க வெளியே போனார். சிவகுருநாதன் சிரிக்கவில்லை. "நாளையில இருந்து நீர் வரவேண்டாம், ஞானமணி."

"அது எப்பிடித் தம்பி?" என்று ஹாஜியார் குறுக்கே விழுந்தார். "இந்தப் புள்ள இல்லாட்டி என்ட சாமான் எந்த வீட்டுக்குப் போறது? பெட்டிக்கு வெருகல் தெரியுமா, தோப்பூர் தெரியுமா?"

வழி சொன்னவள் றம்லா. எங்களுக்குக் காலை என்றால் கனடாக்காரர் வேலை முடிந்து வீட்டில் இருப்பார்கள். லண்டன்காரர் எழும்ப எங்களுக்கு மத்தியானம் ஆகும். பன்னிரண்டு மணிவரை லைன் போனுக்கு, அதற்குப் பிறகு பெட்டிக்கு. சிவகுருநாதன் முணுமுணுத்துக்கொண்டே அந்த நேரங்களைத் தளத்தில் போட்டார். கனடா ஞானமணிக்கு என்றும் லண்டன் றம்லாவுக்கு என்றும் ஆயிற்று.

லண்டனை விட்டுக்கொடுத்தது ஞானமணிக்குக் கடைசிவரை ஆறவில்லை. மத்தியானத்தில் 'டிங்' என்று கேட்டால் இன்னமும் முகத்தைச் சுளிப்பாள். ஆனால் ரிசீவரைத் தொடமாட்டாள்.

ஒருநாள் ரொறன்ரோவிலிருந்து எடுத்த ஒருத்தி, அங்கே நடுச்சாமம் தாண்டியும் கதையை முடிக்கவேயில்லை. பன்னிரண்டு அடித்து ஏழு நிமிடம் ஆயிற்று. ஞானமணி ஓரக்கண்ணால் பார்த்தாள். றம்லா உதட்டைக் கடித்துக்கொண்டு மணிக்கூட்டையும் போனையும் மாறி மாறி முறைத்தாள். அந்தப் பார்வை ஞானமணிக்கு நன்றாகத் தெரிந்த பார்வை.

"ம்ம், பிறகு? சொல்லுங்கோ தங்கச்சி," என்றாள் போனில், கதிரையில் இன்னும் கொஞ்சம் வசதியாகச் சாய்ந்தபடி.