எலிக்குப் போட்ட பொரி

எண்பதுகளின் கடைசியில், அருப்புக்கோட்டைப் பக்கம் ஒரு கல்லூரியின் எலிக்கூடத்தில் எனக்கு வேலை. பெரிதாக எதுவும் நினைத்துவிட வேண்டாம். கூண்டு கழுவ வேண்டும், உமி மாற்ற வேண்டும், தண்ணீரும் இரையும் வைக்க வேண்டும், அவ்வளவுதான். பந்தல்குடியிலிருந்து பஸ்ஸில் தொற்றிக்கொண்டு வந்து இறங்கும்போதே உடம்பு அலுத்துப் போயிருக்கும். மழை பொய்த்து இரண்டாவது வருஷம் அது. ஊரில் பருத்தி முளைத்ததும் கருகிக்கொண்டிருக்க, நான் இங்கே வெள்ளெலிகளுக்குப் பால் புரதமும் கடலை எண்ணெயும் சேர்த்துப் பிசைந்துகொண்டிருந்தேன். ஊரில் யாரிடமும் இதைச் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் அடிக்க வந்திருப்பார்கள்.

எலிகள் ஓர் ஆராய்ச்சி மாணவியுடையவை. நெசவுக் குடும்பத்துப் பெண். வீட்டில் கன்னடம் பேசுவாள், எலிகளைக் கொஞ்சுவதும் வைவதும்கூடக் கன்னடத்தில்தான். சினை எலிக்கு மாவுச்சத்தே கொடுக்காமல் புரதமும் எண்ணெயும் மட்டும் கொடுத்தால் குட்டிகள் என்ன ஆகும் என்பது அவளுடைய ஆராய்ச்சி. ஒரு வரிசைக் கூண்டுகளுக்குச் சோளமாவு கலந்த இரை. அடுத்த வரிசைக்கு மாவு வாசனையே படக்கூடாது.

"அந்தக் குட்டிக பொறந்து ஒருநா தாண்டுறதே கஷ்டம்ணே. உடம்புல சர்க்கரையே தங்காது" என்றாள்.

அவளுக்குச் சித்திரையில் கல்யாணம் பேசியிருந்தார்கள். அதற்குள் முடிக்காவிட்டால் படிப்பு அத்தோடு சரி என்று வீட்டில் சொல்லிவிட்டார்களாம்.

என்னுடைய மத்தியானச் சாப்பாடு பொரியும் டீயும்தான். கூடத்திலேயே உட்கார்ந்து தின்பேன். மாவில்லாத வரிசையில் ஒரு சினை எலி கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று என் கையையே மோந்து பார்க்கும். முதல் நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மறுநாள் ஒரு பிடி போட்டேன். வாயும் வயிறுமாக இருக்கும் ஒன்றின் எதிரே உட்கார்ந்து எப்படித் தின்பது? ஒன்றுக்குப் போட்டால் மற்றவை சும்மா இருக்குமா? வரிசை முழுக்கப் போட்டேன், குட்டி போடும்வரை தினமும் போட்டேன். ஒரு பிடிப் பொரியில் என்ன ஆகிவிடப் போகிறது என்றுதான் நினைத்தேன்.

குட்டிகள் பிறந்தன. ஒருநாள் தாண்டியது, மூன்று நாள் தாண்டியது, பெரும்பாலும் பிழைத்துக்கொண்டன. எனக்குச் சந்தோஷம். அவளுடைய பேராசிரியர் மட்டும் வந்து பார்த்துவிட்டு, "நீ கலந்ததுலதான் எங்கயோ தப்பு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவள் அதை அப்படியே நம்பினாள். புரதப்பொடியில் கலப்படமோ என்று டின்னோடு கொட்டினாள். தராசைத் துடைத்துத் துடைத்து எடை போட்டாள். "எனக்கு இதெல்லாம் வராதுண்ணே. வீட்ல சொன்னதுதான் சரி" என்று ஒருநாள் சுவரைப் பார்த்துச் சொன்னாள். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"தப்பு ஒன் மேல இல்லம்மா. நான்தான் பொரி போட்டேன்."

வேலை போய்விடும் என்று நினைத்தேன். அவள் கத்தக்கூட இல்லை. அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்தாள். நோட்டை இழுத்து வைத்துக்கொண்டு, "ஒரு தடவைக்கு எம்புட்டுப் போட்டீக?" என்று கேட்டாள். பையிலிருந்த பொரியில் ஒரு பிடி அள்ளிக் காட்டினேன். என் கையில் இருந்ததைத் தராசில் கொட்டச் சொல்லி எடையை எழுதிக்கொண்டாள்.

அந்தக் கொஞ்சப் பொரிதான் குட்டிகளைப் பிழைக்க வைத்ததா என்று பார்த்துவிடப் போவதாகச் சொன்னாள். மறுபடி முதலிலிருந்து, இந்த முறை மூன்று வரிசை. சோளமாவு வரிசை, பொரியை எடை போட்டுக் கொடுக்கும் வரிசை, மாவும் பொரியும் இல்லாத வரிசை. கல்யாணத்தை ஆவணிக்குத் தள்ளினாள். வீட்டில் என்ன பேசினார்களோ, ஒரு வாரம் வீங்கிய கண்ணோடு வந்தாள். அது என்னால் வந்த வினை. பேராசிரியரிடம் என்னைக் காட்டிக்கொடுக்கவும் இல்லை.

அதனால் ஒழுங்காகச் செய்தேன். தினமும் நடு வரிசைக்கு நிறுத்துப் போட்டுவிட்டு, கடைசி வரிசையைத் தாண்டிப் போனேன். அவை கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றன. பழகிவிட்டது என்று சொல்லலாம். உண்மையில் நான் அந்தப் பக்கம் பார்ப்பதை நிறுத்திவிட்டேன்.

குட்டிகள் பிறந்த மறுநாள் காலையில் நடு வரிசையில் ஒன்றிரண்டு போக மற்றவை உயிரோடு இருந்தன. கடைசி வரிசையில் குட்டிகள் விறைத்துக் கிடந்தன. அவள் கூண்டு கூண்டாகக் குனிந்து எழுதிக்கொண்டே வந்தாள். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அவள் முகம் தெளிந்திருந்தது.

கடைசிக் கூண்டில் ஒரு குட்டி மட்டும் காலை அசைத்துக்கொண்டிருந்தது. அவள் இன்னும் அங்கே வரவில்லை. இரண்டு கூண்டு தள்ளி நின்றிருந்தாள். நான் உமியை விலக்கிக் குனிந்தேன்.

"அவ வர்றதுக்குள்ள சீக்கிரம் போயிரு" என்றேன் அதனிடம். மனதார வேண்டித்தான் சொன்னேன்.