சத்தமில்லாத கேள்வி

மைசூர் அக்ரகாரத்தில் கண்ணாடிக் கடை வைத்திருக்கும் நஞ்சுண்டசாமிக்கு வாடிக்கையாளரைத் திட்டாமல் வியாபாரம் செய்யத் தெரியாது. கண்ணாடி போட்டால் கிழவனாகத் தெரிவேனே என்று யாராவது இழுத்தால் போதும், பிடித்துக்கொள்வார். "கண்ணு மங்கினா கண்ணாடி போடறதுல என்னய்யா வெட்கம்? பேப்பரை மூக்குல ஒட்டவச்சுப் படிக்கறதுதான் வெட்கம்." இந்த அர்ச்சனை கண்ணாடியோடு இலவசம். நானும் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

அறுபதைத் தாண்டியவர், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கடை விட்டால் சங்கீதம், சங்கீதம் விட்டால் எங்கள் வாட்ஸ்அப் குழு. அதில் நாலே பேர். ஷிமோகாவில் கட்டட ஒப்பந்தம் எடுக்கும் வாதிராஜ், நன்றாக வீணை வாசிப்பான். உடுப்பியில் பல் டாக்டராக இருக்கும் பார்கவி, வாய் கொஞ்சம் நீளம். பிறகு நஞ்சுண்டசாமி, நான். நான் குவெம்புநகரில் ஒரு கல்யாண மண்டபத்தைக் கட்டி மேய்க்கிறவள். சமையல்காரர்களோடு கத்திக் கத்தி என் குரலே மத்தளம்போல ஆகிவிட்டது. சுமங்களா என்று பெயர் வைத்தவர்களுக்கு இது தெரியாது.

தினமும் காலையில் யாராவது ஒருவர் ஒரு சங்கீதப் புதிர் போடவேண்டும். அதில் ஒரு ராகமோ கீர்த்தனையோ ஒளிந்திருக்கும். கண்டுபிடித்தவர் விடையை உடைக்கவே கூடாது. தனக்குத் தெரிந்துவிட்டது என்று வேறொரு குறிப்பால் காட்டவேண்டும், அதுதான் சட்டம். ஒருநாள் பார்கவி வெயிலில் குடை விற்கிற ஒருவனின் படத்தைப் போட்டாள். "மாடியில காயப்போட்ட துணியை எடுத்துட்டேன்" என்று நஞ்சுண்டசாமி பதில் போட்டார். மழையை வரவழைக்கும் அமிர்தவர்ஷினி இரண்டு பேருக்குமே புரிந்துவிட்டது, ராகத்தின் பேரை யாரும் சொல்லவில்லை. சாயங்காலம் கேள்வி போட்டவர் "இன்னார் சரி" என்று தீர்ப்பு எழுதுவார். அத்தோடு அன்றைய கச்சேரி முடிந்தது.

எங்களுக்குப் பின்னால்தான் தெரிந்தது என்றாலும் உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். நஞ்சுண்டசாமிக்கு வலது காது போய்விட்டது, இடது காதும் போய்க்கொண்டிருந்தது. கடைக்குப் போனால் நம்மைப் பேசவிடாமல் அவரே பேசிக்கொண்டிருப்பார். அதைத் திமிர் என்றுதான் நான் நினைத்திருந்தேன். கேள்வி கேட்டால் பதில் சொல்லவேண்டி வருமே என்ற பயம் அது. காது கேட்காதவனுக்குச் சங்கீதக் குழுவில் என்ன வேலை என்று நாங்கள் ஒதுக்கிவிடுவோம் என்பது அவர் கணக்கு. எங்களை விட்டால் அவருக்குப் பேச்சுத்துணை ஏது? அதனால் மூச்சு விடவில்லை.

படமும் எழுத்துமான புதிர்களில் அவருக்குச் சிக்கல் இல்லை. வாதிராஜின் முறை வந்தால்தான் சோதனை. அவன் ஏதாவது கீர்த்தனையின் நடுவிலிருந்து ஒரு துண்டை வீணையில் வாசித்துப் பதிவு செய்து போடுவான். நஞ்சுண்டசாமி அதைக் கேட்பதே இல்லை. பார்கவியும் நானும் குறிப்பு போடுகிற வரைக்கும் காத்திருப்பார். எங்கள் இரண்டு குறிப்புகளையும் வைத்து விடையைக் கறந்துவிட்டு, தன் குறிப்பைப் போடுவார். யோசித்துப் பார்த்தால், எங்களைவிடக் கஷ்டமான புதிரை அவர்தான் விடுவித்துக்கொண்டிருந்தார்!

பார்கவிக்கு இது கண்ணில் பட்டது, காரணம் புரியவில்லை. வீணைப் புதிர் என்றால் சார் எப்போதும் கடைசி பஸ் என்று சீண்டத் தொடங்கினாள். வாராவாரம் சீண்டினாள். அவருக்குச் சுருக்கென்று தைத்திருக்கிறது.

அடுத்த முறை வாதிராஜ் துண்டைப் போட்டதுமே, யாரும் வாய் திறப்பதற்குள், நஞ்சுண்டசாமி முந்திக்கொண்டார். "கிடைச்சாச்சு. என்ன சுகமான வாசிப்பு வாதிராஜ்! எங்கம்மா காலையில தண்ணி தெளிக்கும்போது பாடுவா. இன்னிக்கு யாரு தாயி கடைசி பஸ்?"

நான் அப்போது மண்டபத்துச் சமையல்கட்டில் நின்றிருந்தேன். பதிவைப் போட்டுக் காதில் வைத்தேன், ஒன்றும் கேட்கவில்லை. அண்டா உருட்டும் சத்தம் என்று வெளியே வந்து கேட்டேன். அப்போதும் ஒன்றுமில்லை. வாதிராஜின் கைபேசி சரியாகப் பதிவே செய்யவில்லை, வெறும் மௌனம்தான் வந்திருந்தது. அந்த மௌனத்தைத்தான் மனிதர் சுகமான வாசிப்பு என்று பாராட்டியிருந்தார். வீணை என்றால் மட்டும் அவர் ஏன் கடைசி என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது, அவருக்குக் காது கேட்கவில்லை.

பார்கவி உடனே என்னைப் போனில் கூப்பிட்டாள். தான்தான் சீண்டிச் சீண்டி அவரை இப்படி மாட்டிவிட்டதாகப் புலம்பினாள். "அக்கா, எனக்கும் கிடைச்சுதுன்னு நாமளும் போட்டுடலாமா? அவருக்குத் தெரியவே வேணாம்."

எனக்கு வந்ததே கோபம். அவள்மேல் பாதி, அவர்மேல் பாதி. "ஒரு பொய்யை மூடறதுக்கு மூணு பேர் பொய் சொல்லணுமா? என்கிட்ட சொல்ல அந்த மனுஷனுக்கு வாயில்லையா? நான் என்ன அந்நியமா?" என்று கத்தினேன். கத்தி முடித்ததும் அழுகை வந்தது. இத்தனை வருஷம் எதிரே உட்கார்ந்து பேசியும் கவனிக்காத எனக்கு என்ன கோபம் வேண்டிக்கிடக்கிறது?

சாயங்காலம் தீர்ப்பு சொல்லவேண்டியவன் வாதிராஜ். பாவம், அவனுக்கு மழுப்பத் தெரியாது. பதிவு சரியாக ஆகவில்லை, கேள்வியை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன், மன்னிக்கவும் என்று எழுதிவிட்டான். நஞ்சுண்டசாமி அதைப் படித்ததற்கு அடையாளம் தெரிந்தது. பதில் வரவில்லை.

மறுநாளும் வரவில்லை. நான் கடைக்குப் போனேன், பூட்டியிருந்தது. போன் செய்தால் எடுக்கவில்லை. எடுத்தாலும் என்ன கேட்டிருக்கும் என்று அப்புறம்தான் உறைத்தது. பார்கவி குழுவில் மன்னிப்புக் கேட்டு எழுதினாள், அதற்கும் பதில் இல்லை. குழுவைவிட்டு அவர் விலகவும் இல்லை, அது ஒன்றுதான் எங்களுக்கு ஆறுதல்.

அந்த வாரக் கடைசியில், அவர் முறை வந்த காலையில், நஞ்சுண்டசாமியிடமிருந்து ஒரு ஒலிப்பதிவு வந்தது. உடனே போட்டுக் கேட்டேன். ஒன்றுமே இல்லை, சுத்தமான மௌனம். கீழே ஒரே வரி எழுதியிருந்தார். "பதிவு சரியாத்தான் ஆகியிருக்கு. எனக்கு இப்படித்தான் கேக்குது. கண்டுபிடிங்க."

வெளியே நாதஸ்வரக்காரர்கள் சீவாளியைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் ஓரமாக உட்கார்ந்துவிட்டேன். விடை மூன்று பேருக்கும் தெரியும். ஆனால் விடையை உடைக்கக் கூடாதே, சட்டம் சட்டம்தானே.

முதலில் பார்கவி போட்டாள். "கிடைச்சுது சார். என் வாய் ரொம்ப நீளம், இனிமே அதை உங்க பக்கத்துலயே உக்காந்து காட்டறேன்."

வாதிராஜ் ஒரு தாளைப் படமெடுத்துப் போட்டான். அன்று பதிவாகாமல் போன வீணைத் துண்டை ஸ, ரி, க என்று அழகாக எழுதியிருந்தான். "எனக்கும் கிடைச்சுது. இனிமே என் கேள்வி இப்படியும் வரும்."

எனக்குக் குறிப்பு தேட வேண்டியிருக்கவில்லை. "மங்கினா போட்டுக்கறதுல என்னய்யா வெட்கம்னு அக்ரகாரத்துல ஒருத்தர் ஊரையே திட்டுவார். ஞாயித்துக்கிழமை மண்டபத்துல முகூர்த்தம் இல்லை. காலையில ஆட்டோவோட அவர் கடை வாசல்ல வந்து நிப்பேன். காது டாக்டர்கிட்ட நேரம் வாங்கியாச்சு."

பகல் முழுக்கக் கைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தேன். பந்தியில் யார் என்ன கேட்டாலும் எரிந்து விழுந்தேன். சாயங்காலம், தீர்ப்பு எழுதுகிற நேரத்துக்கு, நஞ்சுண்டசாமி எழுதினார்.

"மூணு பேரும் சரி."

ஞாயிற்றுக்கிழமை நான் போவதற்கு முன்பே இஸ்திரி போட்ட சட்டையோடு கடை வாசலில் நின்றிருந்தார். ஆட்டோவில் ஏறியதும், என்னைத் தன் இடது பக்கம் உட்காரச் சொல்லிவிட்டு, தன் இடது காதை என் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"இப்ப திட்டு, சுமங்களா" என்றார்.