நமீபியாவுக்கு நாள் குறித்த ஞாயிறு

மனைவி இருந்தாள். மகள் இருந்தாள். மகளின் கணவர், ஜெர்மன்காரர், மடிக்கணினியைத் திறந்துவைத்துக்கொண்டு இருந்தார். மனைவியின் தம்பி, என் மச்சான், இருந்தான். பிறகு நான். ஜெர்மனியில், கெல்சென்கிர்ச்சன் நகரில் மகளின் வீடு. மத்தியானச் சாப்பாடு முடிந்துவிட்டது.

நமீபியாவுக்குப் போவதென்று முன்பே முடிவாகிவிட்டது. எப்போது, யார் யார் என்பதுதான் மிச்சம். மருமகன் ஓகஸ்ட் என்றார். அப்போது அங்கே மழை இல்லை, புதர் பற்றையெல்லாம் காய்ந்திருக்கும், யானைகள் தண்ணீர் தேடிக் குட்டைக்கு வரும், இருந்த இடத்திலிருந்தே பார்க்கலாம் என்றார்.

எனக்கு ஓகஸ்ட் சரிவராது. அது மனைவிக்குத் தெரியும். மச்சானுக்கும் தெரியும்.

இலங்கையில், வன்னியில் எங்கள் காணி காடாகிக் கிடக்கிறது. சண்டைக்குள் விட்டுவிட்டு ஓடினோம். பிறகு போய்ப் பார்த்தவர்கள் அரசாங்கம் எல்லைக்கல் போட்டிருக்கிறது என்றார்கள். இனி அது விலங்குகளுக்கான காடாம். எங்களை ஒருவரும் கேட்கவில்லை. பல வருடம் எழுதிக் கேட்டு, இப்போதுதான் ஒரு நாள் தந்திருக்கிறார்கள். ஓகஸ்டில் ஓர் அலுவலர் வந்து இடத்தைப் பார்ப்பார். சொந்தக்காரர் நேரில் நிற்க வேண்டும். நிற்காதவரின் காணி காட்டோடு போய்விடும். நான் ஆஸ்பத்திரிச் சமையலறையில் சட்டி கழுவுகிறேன். நீண்ட லீவு வருடத்தில் ஒரு தரம்தான்.

மச்சானின் காணி என் காணிக்கு அடுத்தது. நடுவில் ஒரே வேலி.

மருமகன் படம் காட்டினார். போகிற இடம் அரசாங்கப் பூங்கா இல்லை, ஊர்ச்சனமே நடத்துவது என்றார். மரத்தடியில் கூடி, எல்லை எதுவென்று தாங்களே பேசி, தங்களுக்குள் ஒரு குழுவைத் தெரிந்தெடுத்தார்களாம். விலங்குகளைக் காப்பதும் அவர்களே. போகிறவர்கள் கொடுக்கும் காசு ஊருக்குப் போகுமாம். அதற்காகத்தான் இந்த இடத்தைத் தேடிப் பிடித்தாராம். நல்ல மனிதர். அவர்மேல் எனக்குக் குறை இல்லை.

யானை தோட்டத்தை அழித்தால் என்ன செய்வார்கள் என்று கேட்டேன். குழு கொஞ்சம் ஈடு கொடுக்கும், அது போதாது என்றும் சொல்கிறார்கள் என்றார். ஊர்ச்சனத்தைக் கேட்டுத்தான் எல்லை போட்டார்களா என்று மறுபடி கேட்டேன். எனக்கு ஜெர்மன் விளங்கவில்லை என்று நினைத்து மகள் தமிழில் சொன்னாள்.

"ஓம் அப்பா. அந்தச் சனத்தைக் கேக்காமல் அங்கை ஒண்டும் செய்யேலாது."

நான் தேத்தண்ணியைக் குடித்தேன்.

மச்சான் சிரித்தான். "ஆனை பாக்க ஏன் பிள்ளை அவ்வளவு தூரம்? அத்தான்ரை காணிக்குப் போங்கோ. டிக்கெட் இல்லாமல் பாக்கலாம்."

மனைவியும் சிரித்தாள். மகள் சிரித்துக்கொண்டே மருமகனுக்குச் சொன்னாள். அவர் சிரிக்கவில்லை. என்ன காணி என்று கேட்டார். அது பழைய கதை, பிறகு சொல்கிறேன் என்றாள் மகள்.

உன்னுடைய காணியிலும்தான் யானை நிற்கிறது, நீ வருகிறாயா இல்லையா என்று மச்சானைக் கேட்டேன்.

"நான் பிள்ளையோடை போறதெண்டு சொல்லிப்போட்டன் அத்தான். அந்தக் காட்டுக்குள்ளை இனி ஆர் போய் இருக்கிறது? நீங்கள் இருப்பியளோ?"

இருக்க மாட்டேன். முழங்கால் போய்விட்டது. மகளும் போகமாட்டாள். ஆனால் அது கேட்காமல் எடுத்த காணி. நான் போய் நிற்காவிட்டால், நானே கொடுத்தது என்று ஆகிவிடும்.

கலியாணம் கட்டின நாளிலிருந்து ஓரிடமும் சேர்ந்து போனதில்லை என்றாள் மனைவி. அதுவும் உண்மை. எங்கள் லீவெல்லாம் சுவிசிலும் பாரிசிலும் சொந்தக்காரர் வீட்டுச் சோபாவில் கழிந்தது.

"அப்பா, நீங்களும் வாறியள்தானே?" என்று மகள் கேட்டாள்.

"ஏலாது," என்றேன்.

பயண நாளை மாற்றலாம் என்றார் மருமகன். அப்பாவுக்காக யானை காத்துக்கொண்டு நிற்காது என்றாள் மகள். அவர் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு மடிக்கணினியில் பயணப் பட்டியலிலிருந்து என் பெயரை எடுத்துவிட்டார்.

ஓகஸ்டில் அவர்கள் அங்கே போனார்கள். நான் வன்னிக்குப் போனேன். போகமுதல் கனடா, பிரான்ஸ், லண்டன் என்று ஊர்க்காரர் எல்லாருக்கும் போன் எடுத்திருந்தேன். வருகிறோம் என்றார்கள். ஊரே திரண்டு வந்தால் கல்லைப் பிடுங்கிவிடலாம் என்று ஒருவர் பெரிதாகப் பேசினார்.

அலுவலர் வரவிருந்த நாள் காலை மனைவி படம் அனுப்பினாள். யானைகள் தண்ணீர் குடிக்கின்றன. இந்தப் பக்கம் ஜீப்புக்குள்ளிருந்து மச்சான் கை காட்டுகிறான்.

அலுவலர் சொன்ன நேரத்துக்கு வந்தார். மரியாதையாகத்தான் பேசினார். வரைபடத்தை வாகனத்தின் மேல் விரித்தார். முன்பு இங்கே எத்தனை குடும்பம் என்று கேட்டார். நூற்றுக்குக் கிட்ட என்றேன். சுற்றிப் பார்த்தார். பிறகு வந்து நின்ற சொந்தக்காரரை, என்னையும் சேர்த்து, எண்ணி எழுதினார்.

மூன்று.