இருபத்திரண்டு பவுண்டு காற்று

சைக்கிள் கடைக்காரன் என்றால் ஊருக்குக் காற்று அடிப்பவன். பெல் வாங்க வந்தாலும், பெடல் மாற்ற வந்தாலும், "அப்படியே ரெண்டு வீலுக்கும் காத்து" என்று சொல்லாமல் தென்காசியில் யாரும் படியிறங்குவதில்லை. பம்ப் அடித்தே தோள்பட்டை போன தொழில் தோழர்களே, போன சீசனில் டியூப் இல்லாத டயர் ஒன்று என்னை நான்கு நாள் ஆட்டிவைத்த கதை இது. உங்களுக்கும் ஒருநாள் வரும், கேட்டு வையுங்கள்.

பால் ஊற்றிய டயர்

வள்ளி டீச்சர் இலஞ்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியை. நாற்பதை ஒட்டிய வயது. மலைப்பாதையில் ஓட்டுகிற தடித்த டயர் சைக்கிள் வைத்திருக்கிறார். முந்தின வருஷம் புளியறை தாண்டி ஒரு மலையில் நடந்த போட்டியில் பாதி வழியில் முள் ஏறிவிட்டது. மீதி வழியெல்லாம் வண்டியை உருட்டிக்கொண்டு, எல்லோரும் பந்தலைப் பிரிக்கிற நேரத்தில் வந்து சேர்ந்தார். அவருடைய பள்ளிக்கூடப் பிள்ளைகள் வேன் பிடித்துப் போய் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அதே போட்டி போன சீசனிலும் வந்தது, ஒரு ஞாயிற்றுக்கிழமை. புதன்கிழமையே டீச்சர் டியூப்லெஸ் டயர் ரெண்டும், பால் மாதிரி ஒரு திரவம் நிரம்பிய பாட்டிலும் கொண்டுவந்து கடையில் வைத்தார். டயருக்குள் இதை ஊற்றிவிட்டால், முள் குத்துகிற இடத்துக்கு ஓடிவந்து ஓட்டையை அடைத்துக்கொள்ளுமாம். நான் கேள்விப்பட்டிருக்கிறேனே தவிர, செய்து பார்த்ததில்லை. அதைச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் வாய் சும்மா இருக்காமல் "செஞ்சிரலாம் டீச்சர்" என்று சொல்லிவிட்டது.

"கடைசியா வந்தாலும் சரி அண்ணாச்சி, ஓட்டிக்கிட்டேதான் வந்து சேரணும். பிள்ளேளு இந்தத் தடவையும் வருதாவ."

நூற்றியெண்பது அடி

டியூப் இல்லாத டயரின் ஓரம் ரிம்மின் விளிம்பில் போய் இறுக்கமாக உட்கார வேண்டும். உட்கார்ந்தால்தான் காற்று நிற்கும். ஆனால் காற்று நின்றால்தான் அது உட்காரும். இந்த வம்பு அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. என் கடை பம்ப் ஒல்லி. மூட்டை ஏற்றுகிற சைக்கிளுக்குக் கல் மாதிரி அடிப்பதற்கென்றே வாங்கியது. ஒரு அடிக்கு ஒரு மிடறு காற்றுதான் போகும். அது உள்ளே போவதற்குள் முந்தின மிடறு ஓரம் வழியாக வெளியே வந்துவிடும்.

கடை திறந்த நாளிலிருந்து என்னோடு இருக்கும் மெக்கானிக் சுடலைமுத்து எண்ணிக்கொண்டே அடித்தான். நூற்றியெண்பதாவது அடியில் உள்ளிருந்த பால் புஸ்ஸென்று கிளம்பி என் வேட்டியில் விழுந்தது. பம்ப் என்றால் எல்லாம் பம்ப்தான் என்று அதுவரை நினைத்திருந்தேன். குழாயின் சுற்றளவில் இவ்வளவு விஷயம் இருக்கிறதா என்று வேட்டியைக் கூட மாற்றாமல் உட்கார்ந்து யோசித்தேன்.

"அண்ணாச்சி, நாம டயருக்கு அடிக்கோமா, தெருவுக்கு அடிக்கோமா?"

பங்க்கில் ஒரு நியாயம்

வியாழக்கிழமை வீலைத் தூக்கிக்கொண்டு பெட்ரோல் பங்க்குக்குப் போனேன். லாரிக்கே காற்று அடிக்கிற மெஷினுக்கு இது என்ன பிரமாதம்! சைக்கிள் வால்வ் ஊசி மாதிரி மெலிசு, கார் வால்வ் தடிப்பு. அதற்குப் பித்தளையில் ஒரு இணைப்புத் திருகையும் மறக்காமல் கொண்டுபோயிருந்தேன். அங்கே இருந்ததோ புது மெஷின். எத்தனை பவுண்டு என்று பட்டனை அழுத்தினால், முதலில் டயரில் எவ்வளவு இருக்கிறது என்று அளந்து பார்க்கும். அளந்தது. ஒன்றுமில்லை. கீ கீ என்று கத்திவிட்டு நின்றுவிட்டது. நாலு தடவை அழுத்தினேன், நாலு தடவையும் கத்தியது.

காற்றடிக்கும் தம்பி ரொம்பப் பொறுமையாக விளக்கினான்.

"டயர்ல கொஞ்சமாவது காத்து இருந்தாத்தான் இது காத்து அடிக்கும் அண்ணாச்சி."

ரெண்டு பம்ப், ஒரு வெடி

திருநெல்வேலி மொத்தக் கடைக்காரருக்குப் போன் போட்டு அவர் பொறுமையைச் சோதித்தேன். அவர் வெள்ளிக்கிழமை பஸ்ஸில் ரெண்டு பம்ப் போட்டுவிட்டு, ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பி அனுப்பச் சொன்னார். ஒன்று தடித்த குழாய். அதில் அளவு காட்டுகிற முள் அறுபது பவுண்டு வரைக்கும்தான், ஆனால் ரெண்டு ரெண்டாகக் கோடு போட்டிருந்தது. மற்றதில் பக்கத்தில் ஒரு தொட்டி. தொட்டியில் காற்றை அடைத்து வைத்து, நெம்புகோலைத் திருப்பினால் மொத்தமும் ஒரே மூச்சில் டயருக்குள் பாயும்.

பாட்டிலில் மீதியிருந்த பாலை ஊற்றி, ஓரத்தில் சோப்புத் தண்ணீர் தடவி, காற்று தடையில்லாமல் போக வால்வின் உள்ளூசியைக் கழற்றிவிட்டு, அந்தத் தடியன் பம்ப்பை வைத்து அடித்ததில் முன் டயர் உட்கார்ந்துவிட்டது. பின் டயர் மசியவில்லை. தொட்டியில் நூற்றியிருபது ஏற்றி நெம்புகோலைத் திருப்பினேன். டப், டப் என்று ரெண்டு சத்தம். குற்றாலம் பஸ்ஸுக்கு நின்ற கூட்டம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. டயர் உட்கார்ந்தாயிற்று! நானும் சுடலையும் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தோம். பக்கத்து மருந்துக்கடை அண்ணாச்சிதான் வெளியே ஓடிவந்தார்.

"ஏலே, வெடி போடுததா இருந்தா முன்கூட்டியே சொல்லக் கூடாதா? மாத்திரை பூரா கீழ சிந்திட்டு!"

கட்டைவிரல்

நம் ஊரில் யார் சைக்கிளைக் கண்டாலும் கட்டைவிரலால் டயரை அமுக்கிப் பார்ப்பது ஒரு மரியாதை. அமுங்கினால் கடைக்காரனுக்கு அவமானம். சனிக்கிழமை காலையில் டீச்சர் வருவதற்கு முன்னால், தினமும் ஐந்தருவி வரை சைக்கிளில் போய்வரும் பட்டாளத்து சங்கரபாண்டி அண்ணாச்சி வந்தார். அமுக்கினார். உதட்டைப் பிதுக்கினார். அவ்வளவுதான், போட்டிக்குப் போகிற வண்டியாயிற்றே என்று சுடலை பாசத்தோடு ரெண்டு டயரையும் கல்லாக்கிவிட்டான். நானும் தட்டிப் பார்த்துத் தலையாட்டினேன்.

டீச்சர் வந்து கைவைத்ததும் முகம் மாறிவிட்டது. சாரலில் நனைந்த பாறையில் இறுகிய டயர் பந்து மாதிரி துள்ளி ஆளைத் தள்ளிவிடுமாம். பின்னால் இருபத்திரண்டு, முன்னால் இருபது, அதற்கு மேல் கூடாது. தொட்டி பம்ப்பின் முள் முப்பது வரை அசையவே இல்லை. தடியனின் முள்தான் ரெண்டு ரெண்டாகச் சொன்னது. டீச்சர் குனிந்து உட்கார்ந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றை விட்டார். "டயரை உக்கார வைக்கது ஒரு நாளு வேலை, அளவு பாக்கது தெனமும் உள்ளது" என்று தடியனைத் தனக்கு எடுத்துக்கொண்டார். தொட்டி பம்ப் கடைக்கு என்று ஆயிற்று. திருப்பி அனுப்ப ஒன்றுமில்லை. சங்கரபாண்டி அண்ணாச்சிக்குத்தான் மனசே ஆறவில்லை.

"ஏம்மா, போட்டிக்குப் போற பிள்ளை காத்தையெல்லாம் இங்கன விட்டுட்டா போவா?"

ஞாயிற்றுக்கிழமை

அன்றைக்குக் கடை லீவு. ஆனால் வீட்டில் இருக்க முடியவில்லை. பயமாக இருந்தது, அதை மறைப்பானேன். பால் அடைக்கவில்லை என்றால், அந்தப் பிள்ளைகள் முன்னால் டீச்சரை மறுபடி உருட்ட வைத்தவன் நானாகத்தான் இருப்பேன். மத்தியானம் போன் வந்தது. பின்னால் பிள்ளைகள் போட்ட கூச்சலில் பாதி காதில் விழவில்லை. எத்தனையாவதாக வந்தார் என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை.

"அண்ணாச்சி, நல்ல பெரிய முள்ளு! உஸ்ஸுன்னு சத்தம் கேட்டுச்சு, நான் மிதிக்கத நிப்பாட்டல, நாலு சுத்துல சத்தம் அடங்கிட்டு!"

வாடிக்கையாளர் டயரில் முள் ஏறியது என்று கேட்டு, எதிரே வந்தவருக்கெல்லாம் டீ வாங்கிக்கொடுத்த சைக்கிள் கடைக்காரன் தென்காசி ஜில்லாவில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.