மாமனாரின் வண்டி மலை ஏறிய கதை

வீடுகளுக்கு ஒயரிங் செய்வது என் தொழில். சொந்த ஊர் அடிவாரத்தில், பிழைப்பு கொல்லிமலையில். கல்யாணமான கையோடு சோளக்காட்டுக்குப் பக்கத்தில் ஒரு வாடகை வீடு பிடித்து நானும் மனைவியும் குடிவந்தோம். மலைமேல் தேவனூர் நாடு, திருப்புலி நாடு என்ற ஊர்த் தொகுதிகளில் புதிதாக எழும்பிய வீடுகள் பலவற்றில் சுவரைக் கொத்தி, குழாய் பதித்து, ஒயர் இழுத்து, விளக்கு எரிய வைத்தவன் நான். அப்படிப்பட்டவனின் மோட்டார் சைக்கிள் கரண்டு இல்லாமல் நடுரோட்டில் நிற்பது என்னைத் தவிர மற்ற எல்லோருக்கும் சந்தோஷமான விஷயமாக இருந்தது.

வண்டி என் மாமனாருடையது. சின்ன வண்டி, பழைய வண்டி. ஆனால் அவர் அதைத் துடைத்த துடைப்பில் பெட்ரோல் டேங்கில் முகம் பார்த்துத் தலை சீவலாம். கண் பார்வை கொஞ்சம் மங்கியதும், மகள் மலையில் கஷ்டப்படக் கூடாதென்று என்னிடம் கொடுத்தார். கொடுக்கும்போது சாவியை உடனே கையில் தரவில்லை. சற்று நேரம் வைத்துக்கொண்டே பேசினார்.

"ஏனுங்க மாப்ள, எங்கிட்ட இருந்த வரைக்கும் இது ஒரு நாள்கூட நின்னதில்லீங்க. பாத்துக்கோங்க."

அந்தக் கடைசிச் சொல் வண்டியைப் பற்றியதா, அவர் மகளைப் பற்றியதா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

மலைக்கு வந்த முதல் மழைக்காலம் முடிவதற்குள் வண்டி மக்கர் செய்ய ஆரம்பித்தது. காலையில் வேலைக்குக் கிளம்பி உதைத்தால் கிளம்பாது. ஸ்வெட்டர் நனைய நனைய உதைத்துவிட்டு, சலித்துப்போய் ரோட்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்து ஓர் உதை விட்டால் சமர்த்தாகக் கிளம்பும். அடிவாரத்துக்குப் போய்விட்டு மலை ஏறும்போது ஏதாவதொரு வளைவில் பொசுக்கென்று அணையும். பின்னால் வருகிற பஸ் ஹார்ன் அடிக்கும். என் மனைவி இறங்கி, சேலையைச் சரிசெய்துகொண்டு, வேறு யாரோடோ வந்தவள் மாதிரி தள்ளிப் போய் நிற்பாள்.

"எங்கப்பா வண்டி இப்படியெல்லாம் நிக்காதுங்க," என்பாள்.

"இது இப்ப எங்கிட்டதான கண்ணு இருக்குது."

"அதத்தான் சொல்றேன்."

என்னிடம் டெஸ்டர் இருந்தது, மீட்டர் இருந்தது. ஹார்ன் அடித்தது, இண்டிகேட்டர் மினுங்கியது, பேட்டரி நன்றாக இருந்தது. எனவே கரண்டில் குறை இல்லை, இஞ்சினில்தான் கோளாறு என்று தொழில்முறையில் தீர்ப்புச் சொல்லி, சோளக்காட்டு மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அவர் வண்டியைப் பெரிய ஸ்டாண்டில் ஏற்றி, பிளக்கைக் கழற்றி, வண்டியின் உலோகத்தில் வைத்து உதைத்துப் பார்த்தார். நெருப்பு நீலமாகத் தெறித்தது. ஆகவே கார்புரேட்டர் என்றார். அதைச் சுத்தம் செய்தார். அடுத்த வாரம் மறுபடி நின்றது. பெட்ரோலில் தண்ணீர் என்றார். அதற்கும் அடுத்த முறை, "மேல காத்து கம்மிங்ணா, வண்டிக்கு மூச்சு வாங்குது," என்றார். ஊரில் மற்ற வண்டிகளெல்லாம் எந்தக் காற்றைச் சுவாசிக்கின்றன என்று நான் கேட்கவில்லை. அவர் கடையை விட்டால் அடுத்த கடைக்கு மலை இறங்க வேண்டும்.

இதற்கிடையில் என் தொழிலுக்கும் சேதாரம் வந்தது. ஒரு வீட்டில் சுவிட்சுப் பெட்டி மாட்டிக்கொண்டிருந்தபோது, வாசலில் நின்று என் வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்த வீட்டுக்காரர் மெதுவாக விசாரித்தார்.

"ஏனுங்க, உங்க வண்டிக்கே கரண்டு வரமாட்டேங்குதுன்னு சொல்றாங்க. எங்க ஊட்டுல லைட்டு எரியுமுங்களா?"

எரியும் என்றேன். எரிந்தது. ஆனாலும் அவர் அன்று முழுக்க சுவிட்சை அணைத்தும் போட்டும் சோதித்துக்கொண்டே இருந்தார்.

மனைவி ஒரு எலுமிச்சம்பழத்தை மிளகாயோடு கோத்து வண்டியில் கட்டினாள். அன்றைக்கு வண்டி வழக்கத்தைவிட அதிகமாக நின்றது.

இதில் பெரிய கொடுமை என்னவென்றால், அடிவாரத்தில் மாமனார் வீட்டில் வண்டி ஒரு தடவைகூட மானத்தை வாங்கியதில்லை. அதாவது அதன் மானத்தை. என் மானம்தான் போனது. நான் குறை சொல்ல வாய் திறக்கும்போதெல்லாம் அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வருவார். களத்து மேட்டில் பெரிய ஸ்டாண்டு போட்டு நிமிர்ந்து நிற்கும் வண்டியை ஓர் உதை உதைப்பார். நாய் வாலாட்டுவது போல அது கிளம்பும். டீக்கடை வரைக்கும் ஓட்டிப்போய், அங்கே வலப்பக்கம் திருப்பி, அதே வேகத்தில் திரும்பி வருவார்.

"வண்டில ஒண்ணுமில்லீங்க மாப்ள," என்பார். மிச்சத்தைச் சொல்ல மாட்டார். மரியாதை தெரிந்தவர்.

அந்தக் கார்த்திகையில் மனைவி போனில் அப்பாவிடம் என்ன சொன்னாளோ, அவர் நேரில் வந்து பார்ப்பதாகச் சொல்லிவிட்டார். நான் அடிவாரத்துக்குப் போய் அழைத்துவர வேண்டும். அங்கிருந்து மலைக்கு வண்டியை அவர்தான் ஓட்டுவார். கண் பார்வையை நினைவூட்டினேன்.

"ரோடு தெரியுதுங்க. அது போதும்."

மகளுக்காக வாங்கிய முறுக்குப் பையை ஹேண்டிலில் மாட்டிக்கொண்டு அவர் முன்னால் ஏறினார். நான் பின்னால் உட்கார்ந்தேன். அடிவாரம் தாண்டி முதல் வலது வளைவை ஜம்மென்று ஏறினோம். அவருடைய முதுகே புன்னகை செய்வது போல இருந்தது. அடுத்த வளைவில் இடப்பக்கம் ஒடித்துத் திருப்பினார். வண்டி அணைந்தது.

அவர் காலை ஊன்றித் திரும்பிப் பார்த்தார். பிறகு, "நீங்க பின்னால ஆடறீங்க மாப்ள," என்றார்.

"இல்லீங்க மாமா."

"லேசா ஆடறீங்க."

ஆடாமல் உட்கார்ந்தேன். மறுபடி ஓர் இடத்தில் நின்றது. இந்த முறை பாரம் அதிகம் என்றார். என்னை இறக்கிவிட்டுத் தனியாக ஓட்டிப்போனார். நான் ரோட்டோரமாக நடந்தேன். தலைக்கு மேலே, மரங்களுக்கு நடுவே வண்டிச் சத்தம் ஏறிக்கொண்டு போவது கேட்டது. பிறகு கேட்கவில்லை. என் வாழ்க்கையில் மிகவும் நிம்மதியாக மலை ஏறிய நாள் அது.

மேலே போனபோது வண்டி சைடு ஸ்டாண்டில் சாய்ந்து நின்றது. மாமனார் ரோட்டோரக் கட்டைச் சுவரில் உட்கார்ந்திருந்தார். ஒரு குரங்கு முறுக்குப் பையையே பார்த்துக்கொண்டிருந்தது. அவர் வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். கல்யாண மண்டபத்தில் பெண்ணை அனுப்பி வைத்தபோதுகூட நான் அவரை அப்படிப் பார்த்ததில்லை. கேலி செய்யலாம் என்று வளைவு முழுக்க நினைத்துக்கொண்டு வந்தவன், அதை விட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"எங்கிட்ட நின்னதே இல்லீங்க," என்றார் மெதுவாக.

"தெரியுங்க மாமா."

அவர் எழுந்துபோய், சைடு ஸ்டாண்டில் சாய்ந்த வாக்கிலேயே வண்டியை உதைத்தார். கிளம்பவில்லை. பலமாக உதைத்தார். கிளம்பவில்லை. பிறகு ஸ்டாண்டைத் தட்டிவிட்டு, ஹேண்டிலை நேராக்கி, மேட்டில் கொஞ்சம் தள்ளி நிறுத்தி உதைத்தார். கிளம்பிவிட்டது.

இத்தனை மாதமும் வண்டிமேல் உட்கார்ந்து அதனோடு மல்லுக்கட்டியவன் நான். இன்னொருவர் மல்லுக்கட்டுவதைத் தள்ளி உட்கார்ந்து பார்த்தது அன்றைக்குத்தான். சைடு ஸ்டாண்டு போட்டால் வண்டி இடப்பக்கம் சாயும், ஹேண்டிலும் இடப்பக்கம் மடங்கும். என் வீட்டில் அப்படித்தான் நிறுத்துவேன். ரோட்டுக்குத் தள்ளி வரும்போது ஹேண்டில் நேராகிவிடும். மாமனார் வீட்டுக் களத்தில் சைடு ஸ்டாண்டு குழி பறிக்கும் என்று அவர் பெரிய ஸ்டாண்டுதான் போடச் சொல்வார், அதனால் அங்கே ஹேண்டில் எப்போதும் நேர்தான். மலை ஏறும்போதோ, இடது வளைவை ரோட்டின் உள்பக்கமாக ஒடித்துத்தான் திருப்ப வேண்டும்.

"மாமா, அணைக்காதீங்க. அப்படியே நின்னு ஹேண்டில லெப்ட்டுல திருப்புங்க."

"எதுக்குங்க?"

"திருப்புங்க."

முழுக்கத் திருப்பினார். வண்டி அணைந்தது. நேராக்கி உதைத்து, வலப்பக்கம் திருப்பச் சொன்னேன். ஓடிக்கொண்டே இருந்தது. மறுபடி இடப்பக்கம். அணைந்தது. நான் போதும் என்ற பிறகும் அவர் நிறுத்தவில்லை. உதைப்பதும், திருப்பி அணைப்பதும், மீண்டும் உதைப்பதுமாக இருந்தார். அவர் முகத்திலிருந்து பல மாதப் பாரம் இறங்கியிருந்தது. இறங்கியது அவருடையதா என்னுடையதா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. இந்த நேரத்தில்தான் குரங்கு முறுக்கில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டு போனது.

ஸ்க்ரூ டிரைவர் எப்போதும் என் பையில் இருக்கும். ஹெட்லைட்டைக் கழற்றினேன். ஹேண்டிலின் கழுத்தருகே ஒயர்க்கட்டு வளைந்து போகும் இடத்தில், சாவியிலிருந்து வருகிற ஒரு ஒயரின் மேல்தோல் உரசி உரசித் தேய்ந்து, உள்ளே செம்பு பளபளத்தது. ஹேண்டில் இடப்பக்கம் திரும்பினால் அந்தச் செம்பு வண்டியின் இரும்பைத் தொடும். அந்த ஒயர் இரும்பைத் தொடுவதும் சாவியைத் திருப்பி அணைப்பதும் இஞ்சினுக்கு ஒன்றுதான். ஒவ்வொரு இடது வளைவிலும் நான் என் கையாலேயே வண்டியை அணைத்துக்கொண்டிருந்தேன். ஒயர் எங்கேயாவது அறுந்திருக்கிறதா என்றுதான் முதலில் மீட்டரை வைத்துத் தேடியிருந்தேன். அது அறுபடவே இல்லை.

டேப் வீட்டில் இருந்தது. ஊருக்கெல்லாம் டேப் சுற்றுபவன் பையில் அன்றைக்கு டேப் இல்லை. மிச்சமிருந்த முறுக்குகளை மாமனார் துண்டில் கட்டிக்கொண்டார். முறுக்கு இருந்த பிளாஸ்டிக் பையைக் கிழித்து ஒயரில் சுற்றி, நூலால் கட்டினேன்.

"இது எப்படீங்க தேஞ்சுது?" என்றார்.

"திருப்பித் திருப்பித்தானுங்க மாமா. மலையில வளைவு ஜாஸ்தி."

"அப்ப உங்க மலைதான் தின்னிருக்குது. நான் குடுக்கும்போது நல்லாத்தான் இருந்துச்சு."

சரி என்றேன். அடுத்த இடது வளைவில் நாங்கள் இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். வண்டி நிற்காமல் ஏறியது. வீடு வந்து சேரும் வரை ஓர் இடத்திலும் நிற்கவில்லை. வாசலில் நின்ற மகளிடம் துண்டை நீட்டிக்கொண்டே அவர்தான் முதலில் வாய் திறந்தார்.

"ஒயருதான் கண்ணு. எனக்கு அப்பவே ஒரு சந்தேகம்."

மனைவி என்னைப் பார்த்தாள். நான் ஹெட்லைட்டைப் பார்த்தேன்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. மாமனாருக்கு வண்டி வைத்தியம் பிடித்துவிட்டது. மாதத்துக்கு ஒரு தடவையாவது மலைக்கு வந்தார். யாருடைய வண்டி நின்றாலும் அவருடைய முதல் கேள்வி, "லெப்ட்டுல திருப்புனீங்களா?" என்பதுதான். சோளக்காட்டு மெக்கானிக் அவரைக் கண்டால் பிளக் துடைக்கிற சாக்கில் குனிந்துகொள்வார்.

சென்ற தை மாதம் பக்கத்து வீட்டு மிளகுக்காரரின் வண்டி காலையில் கிளம்பவில்லை. மாமனார் வந்திருந்தார். என் ஸ்க்ரூ டிரைவரை வாங்கி ஹெட்லைட்டைக் கழற்றி, ஒயர் ஒவ்வொன்றாக நீவிப் பார்க்கத் தொடங்கினார். மிளகுக்காரர் பக்தியோடு பக்கத்தில் நின்றார். வெயில் ஏறியது. காபி கொண்டுவந்த என் மனைவி, போகிற போக்கில் அந்த வண்டியின் சீட்டைப் பிடித்து ஆட்டினாள். டேங்குக்குள் தளும்புகிற சத்தமே இல்லை. அவள் என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறக்கப் போனேன்.

"சும்மா இருங்க," என்றாள் மெதுவாக.

சோற்றுக்குக் கூப்பிட்டதும் மாமனாரும், அவரோடு மிளகுக்காரரும் உள்ளே போனார்கள். நான் என் வண்டியிலிருந்து ஒரு பாட்டில் பெட்ரோல் பிடித்து மிளகுக்காரரின் டேங்கில் ஊற்றினேன். சாப்பிட்டுக் கை துடைத்துக்கொண்டு வந்தவர் கடைசி ஒயரையும் ஒரு நீவு நீவிவிட்டு உதைத்தார். கொஞ்சம் இருமிவிட்டுக் கிளம்பியது.

"உங்க மாமனாருக்குக் கைராசிங்க," என்றார் மிளகுக்காரர் என்னிடம்.

"ஆமாங்க," என்றேன்.

ஹெட்லைட்டைத் திரும்ப மாட்டியபோது ஒரு ஸ்க்ரூ மிச்சமிருந்தது. மாமனார் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு யாரும் கேட்பதற்கு முன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரித்தார்.