கொப்புத் தொங்காத பாதை

பிரியமானவர்களே, என்னைத் தேடி வந்தவர்கள் என்னைவிட்டு விலகிப் போகிற சத்தத்தைக் காட்டுக்குள் உட்கார்ந்து கேட்டவன் நான். தகரம் தட்டும் ஓசை முதலில் பக்கத்தில் வந்தது. பிறகு வேறு பக்கம் திரும்பித் தேய்ந்துகொண்டே போனது. கணுக்கால் பிசகி வீங்கியிருந்தது. கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டிவிட்டது. சற்றுத் தள்ளி ஒரு யானை கிளைகளை முறித்துத் தின்றுகொண்டிருந்தது. அதற்கு ஒரு அவசரமும் இல்லை.

இது நடந்தது இலங்கையில், மாத்தளையிலிருந்து தம்புள்ளைக்குப் போகும் வழியை விட்டு உள்ளே தள்ளிய ஒரு சிங்களக் கிராமத்தில். அந்த நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்துப் பத்து வருஷம் ஆகியிராத காலம். அங்கே நம் சபை நடத்திய மருந்துக் கொட்டகையில் ஒரு வருஷம் சம்பளமில்லாமல் ஊழியம் செய்யப் பாளையங்கோட்டையிலிருந்து போயிருந்தேன். வயது ஐம்பதை நெருங்கியிருந்தது. புத்தகம் நிறையப் படித்தவன். ஆனால் நான் போட்ட கட்டு நோயாளி வீடு போய்ச் சேருமுன் அவிழ்ந்துவிடும். சிங்களமும் தெரியாது. கடைக்கார ரஹீம் நானாதான் எனக்கு வாயும் காதும். அங்கே முஸ்லிம்கள் அண்ணனை 'நானா' என்பார்கள். பரம்பரையாக அந்தப் பக்கத்து முஸ்லிம் அவர். இரண்டு பாஷையும் சரளமாகப் பேசுவார்.

அந்த ஊரில் காட்டுக்குள் நுழைகிறவர், பாதை தொடங்கும் இடத்து மரத்தில் ஒரு இலைக்கொப்பை முறித்துத் தொங்கவிட்டுத்தான் போவார். காட்டுத் தெய்வம் யானையிடமிருந்து காக்கும் என்பது நம்பிக்கை. நான் பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் கர்த்தரே என் காவல், எனக்குக் கொப்பு வேண்டாம் என்று ஊராரைக் கூட்டி நீண்ட விளக்கம் கொடுத்தேன். நானா மொழிபெயர்த்தார். எல்லோரும் அன்பாகத் தலையாட்டினார்கள். பிறகு விசாரித்தால், பாதியைத்தான் சொன்னாராம். "ஐயா இன்னும் கன மாசம் இவங்கட சோத்தத்தானே தின்ன வேணும்," என்றார்.

காடு வெட்டிப் பயிரிடும் சேனைகள் இரண்டிலும் அப்போது காய்ச்சல். ஒருநாள் பிற்பகல் மருந்தோடு தனியே புறப்பட்டேன். ஒரு சேனைக்கு இடப்பக்கப் பாதை, மற்றதற்கு வலப்பக்கப் பாதை. ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் ஒரு மரம். எங்கே போகிறேன் என்று யாரிடமும் சொல்லாமல், எதையும் தொங்கவிடாமல், இடப்பக்கம் போனேன். திரும்பும்போதுதான் யானைச் சத்தம் கேட்டு ஓடி, பள்ளத்தில் விழுந்தேன்.

இருட்டும் வேளையில் ஊரார், யானையை விரட்டத் தகரம் தட்டிக்கொண்டு, தேடி வந்தார்கள். இடப்பக்க மரத்தில் இருந்ததெல்லாம் காய்ந்த கொப்புகள். வலப்பக்க மரத்தில் பச்சையாக ஒன்று தொங்கியது; வேறு யாரோ போட்டது. கொப்புப் போடாமல் ஒரு மனிதன் காட்டுக்குள் போவான் என்பது அவர்களுக்குத் தோன்றவே இல்லை. வலப்பக்கம் போய்விட்டார்கள்.

ஜெபக்கூட்டத்தில் நான் எழுந்தால் பழகியவர்கள் சுவரில் சாய்ந்துகொள்வார்கள். என் ஜெபத்தின் நீளம் அப்படி. அன்று இவ்வளவுதான் வந்தது: "ஆண்டவரே, நான் இருக்கிற இடம் உமக்குத் தெரியும். இவர்களுக்கும் தெரியப்படுத்தும்." அதையே அழுதுகொண்டு சொன்னேன்.

தகரச் சத்தம் நின்றது. பிறகு அது திரும்பியது. நெருங்க நெருங்க யானை புதரைத் தள்ளிக்கொண்டு விலகிப் போனது. பந்தங்களுக்கு முன்னால் வந்தவர் ரஹீம் நானா.

கடையைப் பூட்டிவிட்டுப் பிந்தி வந்த நானாதான் அவர்களைக் கூப்பிட்டு நிறுத்தியிருக்கிறார். "அந்த மனுசன் செத்தாலும் கொப்புத் தொங்கவிட மாட்டாரு. பச்சக் கொப்பு இல்லாத பாதையில தேடுங்க," என்றாராம்.

சாக்கில் தூளி கட்டி என்னைத் தூக்கினார்கள். முன்னால் தோள் கொடுத்த பண்டா என்கிற ஊர்க்காரர் ஏதோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். என்னவென்று கேட்டேன். "அடுத்த முறை கொப்பு வேணாமாம், ஐயாட தொப்பியயாவது தொங்கவிட்டுட்டுப் போகட்டுமாம்," என்றார் நானா. நானும் சிரித்தேன். உயிரோடு இருப்பவனுக்கு எந்தக் கேலியும் இனிக்கும்.

என் விசுவாசம் என்னைக் காப்பாற்றியது என்று சொல்ல மாட்டேன். அதோடு ஒட்டியிருந்த என் பிடிவாதம் தேடியவர்களை வழிதப்ப வைத்தது. கிருபைதான் காப்பாற்றியது. ஒரு கிறிஸ்தவன் எங்கே கிடக்கிறான் என்று புத்தரைக் கும்பிடுகிறவர்களுக்குச் சொல்ல, கர்த்தர் ஒரு முஸ்லிமை அனுப்பினார். அதன்பின் மீதி மாதங்களில் நான் விளக்கம் கொடுப்பதை விட்டு, மாலைகளில் அந்த ஊர்க்காரர்களோடு உட்கார்ந்து, யாருக்கு என்ன கவலை என்று கேட்கப் பழகினேன். இன்று என் ஜெபம் குறுகிவிட்டது. அதில் வரும் பெயர்கள் கூடிவிட்டன.

ஆபத்தில் இருக்கிறவர்களே, நம்பிக் கூப்பிடுங்கள், அவர் கேட்கிறார். சுகமாய் இருக்கிறவர்களே, அயலாரோடு போய் உட்காருங்கள். அவர் அனுப்பப்போகிற ஆள் உங்களைத் தெரிந்துவைத்திருக்கட்டும்.